பிரதம விருந்தினரின் முதல் உதை

அவுஸ்திரேலிய வடமாகாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் உதைபந்தாட்டச் சம்மேளனத்திடம் ஆறு ஒலிவாங்கிகளும் இரண்டு குத்துவிளக்குகளும் எல்லாக் கல்லூரிகளின் கொடிகளும் ஒரு பந்தும் இருக்கின்றன. ஒலிவாங்கிகள் ஆண்டுதோறும் மாற்றப்படும். பந்து பழையது. அதை மாற்றவேண்டிய தேவை இதுவரை எழவில்லை.

சம்மேளனத்துக்கு இரண்டு மண்டலங்கள். மெல்பேண் மண்டலத்தில் வென்ற கல்லூரியும் சிட்னி மண்டலத்தில் வென்ற கல்லூரியும் ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்கிரேவுக்குப் பக்கத்திலுள்ள நகரசபை மைதானத்தில் சந்திக்கும். மாபெரும் இறுதிப் போட்டி என்பது இதுதான். அதற்கு முந்திய மண்டல ஆட்டங்களுக்குப் பிரமுகர்கள் வருவதில்லை. ஆகவே அவை தொண்ணூறு நிமிடமும் விளையாடப்படும்.

தேவராஜாவின் கல்லூரி வேம்பன்கலட்டி மகா வித்தியாலயம். உண்மையில் அது கல்லூரி இல்லை, பள்ளிக்கூடம். ஆனால் சம்மேளனத்தில் சேர்ந்த நாளிலிருந்து கல்லூரி. மெல்பேண் முழுவதும் தேடினாலும் அதன் பழைய மாணவர்கள் ஒரு அணிக்குக் காணாது. கல்லூரியின் மருமக்களும் ஆடலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டுதான் பதினொரு பேரைச் சேர்த்தார்கள். தலைவன் ஆரூரனே மருமகன்தான். வேம்பன்கலட்டியை அவன் கூகிள் வரைபடத்தில் பார்த்ததோடு சரி.

தேவராஜா கோல்காப்பாளர். வயது நாற்பத்தேழு. உறைந்த உணவுக் களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய வலது முழங்காலில் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு நடக்கலாம், நீந்தலாம், உதைபந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வேம்பன்கலட்டி இறுதிப் போட்டிக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஒரு இறுதிப் போட்டியில் ஒரு பந்தையாவது பிடித்துவிட்டுப் போய்க் கத்திக்குப் படுக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி சிவகௌரியிடம் மட்டும், இந்தமுறை நீரும் வாரும் என்று கேட்டிருந்தார். இத்தனை வருடத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை என்பதால் அவள் ரோவிலிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். மைதானத்து ஓரத்தில் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

காலை பத்து மணிக்கு வீரர்கள் வரவேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். வந்தார்கள். சிட்னி மண்டலத்தில் வென்ற ஞானதீபக் கல்லூரிக்காரர் குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து முதல்நாளே வாடகை வான் பிடித்துப் புறப்பட்டு, வழியில் எங்கோ படுத்தெழும்பி, விடிய வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களுடைய தலைவன் செந்தூரன் உடனே காற்சட்டையை மாற்றிக்கொண்டு புல்லில் ஓடத் தொடங்கினான். தொண்டர் ஒருவர் வந்து, கொடியேற்றுமுன் ஓடுவது வழக்கமில்லை என்றார். அவன் நின்றான்.

கொடி பதினொன்றரைக்கு ஏறியது. பிறகு விளக்கு. ஜூலை மாதத்து மெல்பேண் காற்றில் குத்துவிளக்கு ஏற்றுவது சம்மேளனம் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கும் பிரச்சினை. ஒரு திரியை ஏற்றினால் மற்றது நூரும். நாலு பிரமுகர்கள் கோட்டை விரித்து மதில்போல் நின்றார்கள். ஐந்தாவது பிரமுகர் ஏற்றினார். ஆறாவது பிரமுகர் தன்னை ஏன் மதிலாகக்கூட அழைக்கவில்லை என்று பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்து மறுபடி ஏற்றினார்கள்.

பிறகு கல்லூரிக் கீதங்கள். விளையாடும் இரண்டு கல்லூரிகளின் கீதம் மட்டும் போதாதா என்று செந்தூரன் கேட்டான். மற்றக் கல்லூரிகளின் மனம் புண்படும் என்று சொன்னார்கள். எல்லாக் கீதங்களும் பாடப்பட்டன. எல்லாவற்றிலும் தாயே என்று வந்தது. வேம்பன்கலட்டிக்குக் கீதம் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு நிமிடம் மௌனம் அனுஷ்டித்தார்கள். அன்றைய நாளில் விரைவாக முடிந்த நிகழ்ச்சி அதுதான்.

ஒன்றரை மணிக்கு இரண்டு அணிகளையும் மேடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். சம்மேளனத் தலைவர் விக்னராஜா இறுதிப் போட்டியின் வரலாற்றை எடுத்துரைக்கும்போது அந்த ஆண்டு வீரர்கள் நின்றபடி கேட்பது மரபு. வரலாறு நீளமாக இல்லாத காலத்தில் உருவான மரபு அது. வீரர்கள் காற்சட்டையோடு நின்றார்கள். மேடையில் இருந்தவர்கள் கோட்டும் கழுத்துத் துண்டும் போட்டுக் கதிரைகளில் இருந்தார்கள்.

விக்னராஜா ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். சம்மேளனத்தைத் தொடங்கியவர்களில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பிரிந்து போய்த் தங்களுக்கென்று சம்மேளனங்கள் வைத்திருக்கிறார்கள்.

"அன்பார்ந்த பெருமக்களே," என்று ஆரம்பித்தார். "எங்களுடைய முதலாவது இறுதிப் போட்டி தொண்ணூறு நிமிடம் விளையாடப்பட்டது. அதில் ஒரு கல்லூரி தோற்றது. தோற்ற கல்லூரி அடுத்த கிழமையே எங்களை விட்டுப் பிரிந்தது. ஒரு பக்கம் தோற்கக்கூடியமாதிரிப் போட்டியை ஒழுங்குசெய்தது எங்களுடைய அனுபவக் குறைவு. அதை நான் இந்த மேடையில் மறைக்க விரும்பவில்லை."

கைதட்டினார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து சம்மேளனம் கற்றுக்கொண்டது என்று அவர் தொடர்ந்தார். நேரம் குறைந்தால் கோல் குறையும், கோல் குறைந்தால் மனக்கசப்புக் குறையும். ஆகவே ஒரு மணித்தியாலமாக்கினார்கள். பிறகு நாற்பது நிமிடம். ஒரு கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் இரண்டாக உடைந்து, இரண்டு பகுதியும் அணி அனுப்பி, இரண்டும் இறுதிப் போட்டிக்கு வந்த ஆண்டில் ஒரே கீதத்தை இரண்டு தடவை பாடவேண்டி வந்தது. ஒரு பகுதி பாடும்போது மற்றப் பகுதி எழும்பி நிற்க மறுத்துவிட்டது. அந்த ஆண்டு பந்து மைதானத்துக்கே வரவில்லை. இரண்டு பகுதியும் இணைச் சம்பியன்கள். சம்மேளனத்தின் மிக அமைதியான ஆண்டு அது என்று சொல்லி அவர் தண்ணீர் குடித்தார்.

கொரோனாக் காலத்து இறுதிப் போட்டியைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய குரல் இளகியது.

"சூமில் நடத்தினோம். விளக்கு இருந்தது, கீதம் இருந்தது, பிரதம விருந்தினர் இருந்தார். விளையாட்டு ஒன்றுதான் இருக்கவில்லை. பெருமக்களே, ஒருவர்கூட அதைப்பற்றி முறையிடவில்லை. எங்களுடைய போட்டியின் ஆன்மா எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது."

தேவராஜாவுக்கு இந்த நேரத்தில் பாதங்கள் இல்லாமல் போயிருந்தன. முதலில் விரல்கள் குத்தின. பிறகு குத்துவது நின்றது. களஞ்சியத்தில் அவர் வேலை செய்வது உறைநிலைக்கு எவ்வளவோ கீழே. ஆனால் அங்கே தடித்த உடுப்புத் தருவார்கள், இடைக்கிடை வெளியே போய் நிற்க விடுவார்கள். பக்கத்தில் நின்ற ஆரூரன் உதட்டை அசைக்காமல், அண்ணை, எனக்கு இடுப்புக்குக் கீழை ஒண்டும் விளங்கேல்லை என்றான். தேவராஜா, பரவாயில்லை, உனக்கு ஓடுகிற வேலை வராது என்றார்.

"கடந்த ஆண்டு," என்று விக்னராஜா முடிவுக்கு வந்தார், "பதினொரு நிமிடம் விளையாடினோம். அந்தக் குறுகிய நேரத்துக்குள்ளும் ஒரு மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. இது எங்களுடைய பண்பாட்டுக்கு அழகல்ல. இந்த ஆண்டு அப்படி நடக்காது என்று உறுதி கூறுகிறேன்."

அந்த உறுதியை அவர் காப்பாற்றினார். வரலாற்றுக்குப் பிறகு வாழ்த்துரைகள், வாழ்த்துரைக்குப் பிறகு பொன்னாடைகள். ஆறாவது பிரமுகருக்கு இரண்டு பொன்னாடை போர்த்தினார்கள். நாலரை மணிக்கு விக்னராஜா மறுபடி ஒலிவாங்கிக்கு வந்தார். ஐந்து மணிக்கு மைதானத்தை இன்னொரு குழுவிடம் கொடுக்கவேண்டியிருப்பதால், விளையாட்டுத் தவிர்ந்த மற்ற எல்லா நிகழ்ச்சிகளும் திட்டமிட்டபடி நடைபெறும் என்றும், வேம்பன்கலட்டியும் ஞானதீபமும் இணைச் சம்பியன்கள் என்றும் அறிவித்தார்.

செந்தூரன் குவேக்கர்ஸ் ஹில் இருக்கும் திசையைப் பார்த்தான். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவர் காலையிலிருந்து அதை வாயிலேயே வைத்திருந்தார். வெளியிலிருந்து கூப்பிட்ட வெள்ளைக்காரர் என்பதால், தமிழில் இருந்த நிகழ்ச்சி நிரல் அவருக்கு விளங்கவில்லை.

தேவராஜாவுக்குக் கோபம் வரவில்லை. வருவதற்கு உடம்பில் ஏதாவது ஒரு இடம் சூடாக இருக்கவேண்டும். கையுறைகளைக் கழற்றப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. அதனால் அவை கையிலேயே இருந்தன.

மிஞ்சியது பிரதம விருந்தினரின் முதல் உதை. சம்மேளனத்தின் அமைப்பு விதிகளான யாப்பில் இது மீறமுடியாத பிரிவு. தண்ட உதை இடத்தில் பந்தை வைத்துப் பிரதம விருந்தினர் கோலுக்குள் உதைப்பார். கோல்காப்பாளர் மற்றப் பக்கம் விழுவார். புகைப்படம் எடுக்கப்படும். அதற்குப் பிறகுதான் நன்றியுரை, நன்றியுரைக்குப் பிறகுதான் சாப்பாடு. ஒரு ஆண்டு விருந்தினர் உதைத்த பந்து பாதி வழியில் நின்றுவிட்டது. அப்போது கோல்காப்பாளராக இருந்தவர் சமயோசிதமாக ஓடிவந்து, பந்தைக் குதிக்காலால் தட்டித் தன்னுடைய கோலுக்குள்ளேயே அனுப்பினார். சிறந்த கோல்காப்பாளர் விருது அவருக்குக் கிடைத்தது.

இந்த ஆண்டு எந்தக் கோல்காப்பாளர் என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். தேவராஜாவுக்கு விழுந்தது. செயலாளர் யோகராணி குடையைப் பிடித்தபடி வந்து விளங்கப்படுத்தினாள்.

"தேவராஜா அண்ணை, அவர் உங்கட வலப்பக்கம் அடிப்பார். நீங்கள் இடப்பக்கம் விழுங்கோ. கொஞ்சம் ஆறுதலாய் விழுங்கோ, கமராவுக்கு முகம் தெரியவேணும்."

பிரதம விருந்தினர் சடகோபன் வீடு விற்பனை முகவர். ரோவிலில் எந்தத் தெருமுனையில் திரும்பினாலும் பலகையில் சிரித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். திருச்சிக்காரர். கிரிக்கெட் என்று நினைத்துத்தான் வர ஒப்புக்கொண்டிருந்தார். ஐந்து மணி நேரம் மேடையில் பலகையில் சிரிப்பதுபோலவே சிரித்துக்கொண்டிருந்தார். பந்தைப் பார்த்ததும் முதன்முதலாக அவருடைய முகம் அசைந்தது. மூன்று அடி பின்னால் போய், ஓடிவந்து உதைத்தார்.

பந்து வலப்பக்கம் வந்தது. தேவராஜா இடப்பக்கம் விழுவதற்காக இடது காலைக் கூப்பிட்டார். கால் வரவில்லை. கை போனது. இருபது வருடமாகச் சனிக்கிழமைப் பயிற்சிகளில் போன வழியிலேயே போனது. பந்து கையுறையில் மோதியது. ஒரு இறுதிப் போட்டியில் அவர் பிடித்த முதலாவது பந்து. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஈரப் புல்லில் கிடந்தார்.

மைதானத்தில் சத்தமில்லை. வேம்பன்கலட்டிக்காக அனுஷ்டித்த மௌனம்கூட இவ்வளவு சுத்தமாக இருக்கவில்லை.

"நல்லா புடிச்சீங்க சார்," என்றார் சடகோபன்.

விக்னராஜா மேடையிலிருந்து இறங்கி வந்தார். தவறுதலாக நடந்துவிட்டது என்றும், புகைப்படத்துக்காக விருந்தினர் இன்னொருமுறை உதைக்கும்படியும் பணிவோடு கேட்டார். தேவராஜாவிடம் பல்லுக்குள்ளால் ஏதோ சொன்னார். தேவராஜா தலையாட்டினார். பந்தை எடுத்து வைத்தார்கள். சடகோபன் உதைத்தார். இந்தமுறை இடப்பக்கம். தேவராஜாவும் இடப்பக்கம்தான் விழுந்தார், சொன்னபடிதான் செய்தார். பந்து அங்கே வந்து அவரில் பட்டு நின்றது அவருடைய பிழை இல்லை.

சடகோபன் கோட்டைக் கழற்றி யோகராணியின் கையில் கொடுத்தார்.

சாப்பாட்டு வரிசை இதற்குள் உருவாகியிருந்தது. கொத்துரொட்டி அலுமினியத் தட்டங்களில் ஆறிக்கொண்டிருந்தது. கடதாசிக் கோப்பைகளோடு நின்றவர்களுக்கு விஷயம் மெல்ல விளங்கியது. கோல் விழாவிட்டால் நன்றியுரை இல்லை. நன்றியுரை இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை. யாப்பைத் திருத்தப் பொதுக்கூட்டம் கூடவேண்டும். பொதுக்கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் முன்னறிவித்தல் வேண்டும்.

"தம்பி, விடும். பிள்ளையள் பசியோடை நிக்குதுகள்," என்றார் ஒரு அங்கிள். பிள்ளைகள் காரில் இருந்து பேர்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"அண்ணை, எங்களுக்கு இணைச் சம்பியன் கிடைச்சிட்டுது. பழுதாக்காதேங்கோ," என்றார் சொந்த அணியில் பின்வரிசை வீரராக இருக்கவேண்டிய மருமகன் ஒருவர்.

விக்னராஜா கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒலிவாங்கியைக் கையில் கொண்டுவந்திருந்ததை மறந்திருந்தார்.

"ஐசே தேவராஜா, ஏன் ஐசே இப்பிடிச் செய்யிறீர்? இத்தனை வருசத்தில ஒருத்தரும் இங்கை விளையாடேல்லை. உமக்கு மட்டும் என்ன விளையாட்டு?" என்று அவர் சொன்னது மைதானம் முழுவதும் கேட்டது.

தேவராஜா வரிசையைப் பார்த்தார். பிறகு தூரத்தில் நின்ற காரைப் பார்த்தார். கண்ணாடி மூடியிருந்தது. உள்ளே இருப்பவள் பார்க்கிறாளா நித்திரையா என்று தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று நினைத்தார். விடுவது சுகமான வேலை. பந்து வராத பக்கம் விழுந்து எழும்பினால் எல்லோருக்கும் சாப்பாடு.

"விடாதீங்க சார்," என்றார் சடகோபன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நானே போடறேன். நீங்க விட்டு நான் போட்டா அது என்ன போடறது?"

சடகோபன் வெறும் சொக்ஸோடு பத்து அடி பின்னால் போனார். ஓடிவந்தார். பந்து மேலே, கம்பத்தின் மூலைக்கு. இதுவரை வந்ததெல்லாம் வீடு விற்பவரின் உதை. இது சின்னவயதில் எங்கேயோ காவிரிக்கரையில் பந்து விளையாடிய ஒருவனின் உதை. தேவராஜா எழும்பினார். வலது முழங்காலில் ஏதோ கழன்றது. விறைத்திருந்தபடியால் அது பக்கத்து வீட்டில் நடந்ததுபோல் இருந்தது. விரல் நுனியில் பந்து தட்டுப்பட்டு, கம்பத்துக்கு மேலால் போனது.

கோலுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது. ஐந்து மணிக்கு மைதானத்தை எடுக்க வந்த பெண்கள் அணி. சிவப்புச் சட்டை போட்ட நடுத்தர வயதுப் பெண்கள். நடப்பது ஒரு ஆட்டம் என்று அன்றைக்கு நம்பியவர்கள் அவர்கள் மட்டும்தான். ஒருத்தி ஆரூரனிடம் ஸ்கோர் என்ன என்று கேட்டாள். ஆரூரன் யோசித்து, நில் ஓல், அதாவது பூச்சியத்துக்குப் பூச்சியம், என்றான்.

நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார். நீளமாக ஊதினார். அவ்வளவு நேரமும் வாயில் வைத்திருந்ததை ஒருதரமாவது ஊதாமல் வீட்டுக்குப் போக அவருக்கு மனமில்லை. ஆட்டம் முடிந்தது என்று கைகளால் காட்டிவிட்டு, தேவராஜாவுக்கும் சடகோபனுக்கும் கைகொடுத்துவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தார். பெண்கள் கோலுக்குள் வந்து கூம்புகளை வைக்கத் தொடங்கினார்கள்.

நன்றியுரை கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. யாப்பின்படி இது செல்லுமா என்பதை ஆராய உபகுழு ஒன்று அமைப்பதாக முதலில் அறிவித்தார்கள். அதன் பிறகே தட்டங்களைத் திறந்தார்கள். சடகோபன் ஈரச் சொக்ஸோடு நின்று கொத்துரொட்டி சாப்பிட்டார். அடுத்த வருடமும் தன்னைக் கூப்பிடுவார்களா என்று யோகராணியிடம் கேட்டார். அவள் அவருடைய கோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

தேவராஜா ஆரூரனின் தோளைப் பிடித்துக் கெந்திக் கெந்திக் காருக்கு வந்தார். சிவகௌரி இறங்கிக் கதவைத் திறந்துவிட்டாள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்ட இடம் செய்தாள். ரோவில் பெருந்தெருவில் முதலாவது சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினாள். விளக்கடியில் சடகோபன் பலகையில் நின்று சிரித்தார்.

"இதுக்கே ஒவ்வொரு சனியும் போனனீங்கள்?" என்றாள்.

"ஓம்."

விளக்குப் பச்சையாகியது.

"மூண்டாவது நல்லாயிருந்தது," என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரி உடுப்பை மாற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தபோது, சம்மேளனத்தின் வட்ஸ்அப் செய்தி வந்தது. உபகுழு ஏகமனதாக முடிவெடுத்திருந்தது. தேவராஜா சம்மேளனத்தின் எந்தப் போட்டியிலும் விளையாடுவதற்கு வாழ்நாள் தடை. பிரதம விருந்தினரின் முதல் உதை வரலாற்றில் கோலாகவே கருதப்படும். அடுத்த ஆண்டு இந்த அத்தியாயத்தையும் சேர்த்துக்கொள்ளவேண்டியிருப்பதால் வரலாற்று உரைக்கான நேரம் இருபது நிமிடத்தால் கூட்டப்படும்.

அவர் வாசித்துவிட்டுப் போனைச் சிவகௌரியிடம் கொடுத்தார். அவளும் வாசித்தாள். பிறகு அதைத் தன்னுடைய கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினாள்.

சத்திரசிகிச்சை அறைக்குள், முதுகில் ஊசி போட்ட இளம் வைத்தியர் ஒரு ஐஸ்கட்டியைக் கொண்டுவந்து அவருடைய காலில் வைத்து, குளிர் தெரிகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியவில்லை. தொடையில் வைத்தார். தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்று தேவராஜா சொன்னார். புதிதாக இருக்கும், பயப்படவேண்டாம் என்றார் வைத்தியர். புதிதில்லை, ஞாயிற்றுக்கிழமை இதைவிட நன்றாக விறைத்தது என்று தேவராஜா சொன்னதை அவர் மருந்தின் மயக்கம் என்று எடுத்துக்கொண்டார். பேச்சுக் கொடுக்கவேண்டுமே என்பதற்காக, கடைசியாக விளையாடிய ஆட்டம் எப்படி முடிந்தது என்று கேட்டார்.

தேவராஜா கூரையிலிருந்த விளக்கைப் பார்த்தார்.

"ஒருத்தரும் எனக்குக் கோல் போடேல்லை," என்று தமிழில் சொன்னார்.